காலி மனை

டண்டாக்கிலிருந்து காசில்பிளேனி போகிற சாலை
பாதியில் இன்னொரு நாட்டுக்குள் நுழைந்து
சில மைல் சுற்றிவிட்டு
எதுவும் நடக்காததுபோல் திரும்பி வரும்.
சாவடி இல்லை, கொடி இல்லை.
ஓரக்கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாகும்.
நூறு என்றிருந்த பலகை அறுபது என்னும்.

நான் டிம்ஃப்னா. பால் லாரி ஓட்டுகிறேன்.
ஒரு காலைப்பொழுதில் ஆறு முறை எல்லை தாண்டுவேன்.
பால் லிட்டரில், என் உடம்பு ஸ்டோனில்,
உயரம் அடியில், சனிக்கிழமை பீர் பைன்ட்டில்.
யாராவது வழி கேட்டால்
மைலில் சொல்லிவிட்டு
கிலோமீட்டரில் மன்னிப்புக் கேட்பேன்.

கிடங்குச் சுவரில் லோர்கன் ஒட்டிய அட்டவணை:
அறுபது மைல் வேகத்தில் நிற்க
இருநூற்று நாற்பது அடி.
பக்கத்தில் பேனாவால், எழுபத்துமூன்று மீட்டர்.
அது காருக்கு. காய்ந்த தாருக்கு.
பாலுக்கு யாரும் அட்டவணை போடவில்லை.

என் தொட்டிக்குள் தடுப்புச் சுவர் கிடையாது;
மூலையில் தங்கினால் புளித்துப்போகும்.
நிறைந்திருந்தால் பால் சமர்த்து.
பாதி இருந்தால்தான் வம்பு.
பிரேக் பிடித்தால் நான் நிற்பேன், லாரி நிற்கும்,
பால் மட்டும் ஒரு நொடி யோசித்து
பின்னாலிருந்து வந்து
முதுகில் கை வைத்துத் தள்ளும்.

ஆகவே அடியும் வேண்டாம், மீட்டரும் வேண்டாம்.
முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும்
வாய்விட்டு எண்ணுவேன்:
ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு.
மழைக்கு இன்னும் இரண்டு.
பாதிப் பாலுக்கு, என் பயத்துக்கு, மேலும் ஒன்று.

நான் விட்டுவைக்கும் அந்த இடத்தை
காலி மனை என்று நினைக்கிறார்கள்.
வேலி இல்லை, பட்டா இல்லை,
எவனோ வருவான், குடியேறுவான்.
நான் பின்வாங்கி
மறுபடி ஆயிரத்தொன்றிலிருந்து தொடங்குவேன்.
பின்வாங்கியே வீடு சேர்கிறவள்
ஊரில் நான் ஒருத்திதான்.

பிப்ரவரி, செவ்வாய்.
மழை என்று சொல்ல முடியாது; காற்றே நனைந்திருந்தது.
பன்னிரண்டாயிரம் லிட்டர், சரிபாதி.
சிவப்பு வாடகைக் கார் ஒன்று முந்தி வந்து
மனையில் இறங்கியது.
வழக்கம்போல் காலை எடுத்தேன்.
ஆயிரத்தொன்று சொல்லி முடிக்கவில்லை.

அறுபது.
மைல் என்று விளக்கும் சின்னப் பலகை
முட்செடிக்குள் கிடந்தது.
கார் பலகைக்குக் கீழ்ப்படிந்தது,
கிலோமீட்டர் முள்ளைப் பார்த்து.
பிறகு கண்ணாடி நிறைய என் முகப்பைப் பார்த்திருக்க வேண்டும்.
பயத்தில் முழுக்காலையும் ஊன்றியது.

நானும் ஊன்றினேன்.
டயர் கத்தியது. நின்றேன்.
நிற்கவில்லை,
பால் இன்னும் வரவேண்டியிருந்தது.
வந்தது.
அம்மாடி, அந்த ஒரு தள்ளு.

வைப்பர் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

இறங்கினேன். அவளும் இறங்கினாள்.
டென்மார்க்காரி, சிட்செல் என்று பெயர்,
கம்பளித் தொப்பி ஒரு காதில் ஏறியிருந்தது.
இரண்டு பம்பருக்கும் நடுவே
என் கையை விரித்து வைத்தேன்.
கட்டைவிரல் அவளுடையதில், சுண்டுவிரல் என்னுடையதில்.
சாண். துல்லியமாகச் சாண்.

"எத்தனை சென்டிமீட்டர்?" என்றாள்,
எண் கிடைத்தால் நடுக்கம் நின்றுவிடும் என்பதுபோல்.
நான் பதில் சொல்லவில்லை.
அவளே கையுறையைக் கழற்றி
தன் கையை விரித்தாள். எட்டவில்லை,
ஒரு விரற்கடை குறைந்தது.

"இங்கே அறுபது என்றால் எவ்வளவு?"
"தொண்ணூற்றாறு."
"அப்படியென்றால் நான் மெதுவாகத்தானே போனேன்?"
"மெதுவாகத்தான்" என்றேன், "அதுதான்..."
மீதியைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை.

அவள் கிளம்பினாள், மிகக் கவனமாக,
மருந்துக் குப்பியைத் தூக்கிப் போகிறவள் மாதிரி.
நான் பால் அடங்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.
கேபின் இன்னும் தலையாட்டிக்கொண்டிருந்தது,
யாரோ சொன்ன எதையோ ஒப்புக்கொள்வதுபோல்.

பிறகு எடுத்தேன்.
சிவப்புக் கார் தேவாலய வாசல் கம்பத்தைக் கடந்தது.
ஆயிரத்தொன்று.
ஆயிரத்திரண்டு.
ஆயிரத்துமூன்று,
இண்டிகேட்டர்கூடப் போடாமல்
ஒரு வெள்ளை வேன்
மனையில் குடியேறியது.